தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

அன்று விடிந்தது முதல் எழுத்தாளர் அம்மையாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுக்களையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து பின்னறைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஊற்றிவைத்த தேநீர் ஆடை படர்ந்து ஆறிப்போயிற்று. காதில் செருகியிருந்த பென்சிலை மறந்துவிட்டு, வேறொரு பென்சிலைத் தேடி மேசை இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்தாயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. வாரப் பத்திரிகை ஒன்றில் அவருடைய மர்மத் தொடர்கதை வெளிவந்துகொண்டிருந்தது. நகை மதிப்பீட்டாளர் ஒருவர் தம் வீட்டு மாடியறையில், உட்புறம் தாழிட்ட கதவுக்குப் பின்னால் இறந்துகிடக்கிறார். சன்னல்களில் இரும்புக் கம்பி. வேறு வழி கிடையாது. கொன்றவன் எப்படி வெளியேறினான் என்னும் கேள்வியை வாசகர் மனத்தில் வாரக்கணக்காக ஊறவைத்தாயிற்று. விடையைச் சொல்லும் இறுதி அத்தியாயத்தை வாங்கிப்போக அன்று மாலை பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஆள் வருவான். ஒரு வரிகூட எழுதியாகவில்லை.

விடை தெரியாமலும் இல்லை. கொலைகாரர் அந்த வீட்டுக் கணக்கர். தாழ்ப்பாளின் குமிழில் நூலைச் சுருக்கிட்டு, நுனியைக் கதவிடுக்கின் வழியே வெளியே எடுத்து, இழுத்துத் தாழிட்டுவிட்டுச் சென்றார் என்பது திட்டம். அம்மையாரின் நாவல்களிலெல்லாம் துப்புத் துலக்குபவள் ஒரு தையற்காரி. அவள் அறுந்த இழையொன்றைக் கண்டெடுத்து உண்மையைப் பிடித்துவிடுவாள்.

ஆயினும் அம்மையாருக்கு ஒரு நெறி உண்டு. தம் வீட்டிலே செய்துபார்த்து நடவாத எதனையும் அவர் அச்சுக்கு அனுப்பியதில்லை. நனைந்த கயிறு எவ்வளவு சுருங்கும், மாடிப்படியில் உருளும் உடல் எந்தப் படியில் நிற்கும் என்பன எல்லாம் சோதித்தறிந்த பின்னரே எழுதப்படும். இந்த ஒரு கதைக்கு மட்டும், வீடு மாறிய அமளியில், சோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் தொடரைத் தொடங்கிவிட்டார். அந்தப் ‘பிறகு’ இன்று வந்து கழுத்தைப் பிடித்தது.

சோதனைகளிலெல்லாம் பிணமாகக் கிடப்பவர் அவருடைய கணவர். மருந்துக்கடை வைத்திருப்பவர், விடுமுறை நாளில் வீட்டில் இருப்பார். எந்த மாத்திரை கசக்கும், எது தேநீரில் கரையாமல் அடியில் தங்கும் என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. மூச்சை அடக்கி, வாயைச் சற்றே திறந்து, அசையாமல் கிடப்பதில் அவருக்கு நிகர் அவர்தாம். அம்மையாரின் தங்கை எப்போது தொலைபேசியில் அழைத்தாலும், “அத்தான் இன்னிக்கு உயிரோட இருக்காரா, இல்ல செத்துட்டாரா?” என்றே முதலில் கேட்பாள்.

அன்று காலை பின்னறையில் பாய் விரித்து அவரைக் கிடத்தியாயிற்று. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாயிற்று. நூலை இழுத்தார் அம்மையார், அறுந்தது. தடித்த நூலை மாட்டினார், சுருக்கு நழுவியது. மெழுகு தேய்த்தார், குமிழ் அசைந்தது, நகரவில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே போய், முடிச்சை மாற்றி, வெளியே வந்து, மீண்டும் இழுத்தார். மழைக்காலத்தில் மரம் ஊதியிருந்தமையால் கதவே நிலையோடு இறுகிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் தோள் கொடுத்துத் தள்ளவேண்டியிருந்தது.

“ஏம்மா, முதுகு விட்டுப்போச்சு. பிணத்துக்குத் தலையணை வைக்கக்கூடாதுன்னு சட்டமா?” என்றார் கணவர் உள்ளிருந்து.

“பேசாதீங்க. பிணம் பேசாது.”

“செத்தவனுக்கு ஒரு வாய் தேநீராவது கிடைக்குமா?”

“இது நடந்தா, சாப்பாடே போடறேன். சும்மா கிடங்க.”

அம்மையார் மறுபடியும் நூலை இழுத்தார். உள்ளே ‘டக்’கென்று ஓர் ஓசை.

“விழுந்துருச்சு!” என்றார் கணவர். “தாழ்ப்பாள் விழுந்துருச்சும்மா! கச்சிதம்!”

அம்மையார் கண்ணை மூடி நெடுமூச்செறிந்தார். “நிஜமாவா?”

“நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? ஆனா ஒரு சங்கடம். நூல் உள்ளே சிக்கிக்கிச்சு, தாழ்ப்பாள் நகர மாட்டேங்குது. நான் மெதுவா எடுத்துக்கறேன். நீ போய் எழுது.”

அவ்வேளையில் வாயில் மணி ஒலித்தது.

வந்தவள் ஓர் இளம்பெண். அதே பத்திரிகையின் நிருபர். தொடர்கதை முடியும் இதழில் ‘எழுத்தாளருடன் சற்று நேரம்’ என்னும் பகுதிக்காக, முன்பே சொல்லிவைத்து வந்திருந்தாள். அம்மையார் அதை அடியோடு மறந்துபோயிருந்தார். வந்தவளைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. உட்காரவைக்கவும் மனம் கொள்ளவில்லை. நாற்காலியைக் காட்டிவிட்டுத் தாம் நின்றுகொண்டே இருந்தார்.

“உட்காருங்க மேடம்.”

“நான் உட்கார்ந்தா எனக்கு வார்த்தை வராதும்மா. எழுதறதே நின்னுக்கிட்டுத்தான். அந்த இஸ்திரி மேசை இருக்கு பாரு, அதுதான் என் எழுத்து மேசை. நீ கேளு, சட்டுபுட்டுன்னு கேளு.”

“எப்ப எழுதுவீங்க?”

“காலையில, வீட்டுல யாரும் பேசாதப்ப.” பின்னறையிலிருந்து ஒரு தட்டல் ஓசை கேட்டது. அம்மையார் குரலை உயர்த்தினார். “பென்சிலாலதான் எழுதுவேன். பேனாவால எழுதினா, தப்பு பண்ணிட்டோம்னு கையே நின்னுடும்.”

“கதைக்குக் கரு எங்கிருந்து வருது?”

“மருந்துக்கடையில. சாயங்காலம் கடையில போய் ஓரமா உட்கார்ந்துக்குவேன். மருந்து வாங்க வர்றவங்க முகத்துல ஒரு கதை இருக்கும். யாருக்காக வாங்கறோம்னு சொல்லாம வாங்கறவங்க, விலையைக் கேட்காம வாங்கறவங்க…” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கால்கள் தாமாகப் பின்னறைப் பக்கம் நடந்தன; பாதி வழியில் திரும்பின.

மறுபடியும் தட்டல். நிருபர் திரும்பிப் பார்த்தாள். “உள்ள யாராவது இருக்காங்களா மேடம்?”

“எங்க வீட்டுக்காரர். தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. அவரே எடுத்துக்குவார். நீ மேல கேளு.”

அவள் முகத்தில் ஐயம் படர்ந்தது. மர்மக்கதை எழுதுபவர் வீட்டில், பூட்டிய அறையில், கணவர்! எனினும் கேள்வியை விடவில்லை. அம்மையார் எழுதியவற்றுள் அவருக்கே மிகப் பிடித்த நாவல் எது என்று கேட்டாள். விற்காமல்போன நாவல்தான் என்றார் அம்மையார். நோஞ்சான் பிள்ளையிடம்தானே தாய்க்குப் பாசம் கூடுதல் என்றும் சொன்னார். பிடித்த கொலை முறை எது என்றதற்கு, “ரத்தம் பார்த்தா எனக்கு மயக்கம் வரும்மா. அதனால எல்லாரையும் விஷம் வச்சுத்தான் அனுப்பறது. துடைக்கிற வேலை மிச்சம்” என்றார். நிருபர் சிரித்தாள். அம்மையார் சிரிக்கவில்லை, அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

“கடைசியா ஒண்ணு மேடம். எழுத்துல உங்களுக்கு உதவியா இருக்கறவங்க யாரு?”

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். விடையும் நாக்கின் நுனியிலேயே இருந்தது.

“யாருமில்லம்மா. எழுத்துங்கறது தனி ஆள் வேலை.”

பின்னறையில் தட்டல் நின்றது.

நின்றதைக் கேட்ட பின்னரே, இத்தனை நேரமும் அவ்வோசை இருந்தது அம்மையாருக்கு உறைத்தது. கதவுக்கு அப்பால் ஒரு செருமல்கூட இல்லை.

“என்னங்க?” என்று அழைத்தார். மறுமொழி இல்லை. “என்னங்க, எடுத்தாச்சா?”

நிருபர் எழுந்துவிட்டாள். “மேடம், உள்ள காத்து இல்லாம மயக்கம் போட்டுட்டாரோ? ஆளைக் கூப்பிடலாமா? கதவை உடைக்கணும்.”

“உடைக்கணுமா? வாடகை வீடும்மா…” என்று கையைப் பிசைந்தார் அம்மையார். முடிவுறாத அத்தியாயம் ஒரு பக்கம், முடிவு தெரியாத கணவர் ஒரு பக்கம். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

நிருபருக்கு அந்தப் பொறுமை இல்லை. விடுவிடென்று நடந்து சென்று கதவில் தோளை வைத்துத் தள்ளினாள். ‘கிர்’ரென்று ஓசையெழுப்பிக்கொண்டு கதவு திறந்துகொண்டது.

பாயில், மூச்சை அடக்கி, வாயைச் சற்றே திறந்து, மருந்துக்கடைக்காரர் கிடந்தார். அவருடைய கையருகே ஒரு தேக்கரண்டி.

“ஐயோ!” என்று அலறினாள் நிருபர்.

“பயப்படாதே. அவருக்கு இது வழக்கம்” என்ற அம்மையாரின் கண்கள் கணவர்மீது இல்லை. தாழ்ப்பாள்மீது இருந்தன. அது விழவே இல்லை. குமிழில் அறுந்த நூலின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. ‘டக்’கென்ற ஓசை எங்கிருந்து வந்தது என்பதைத் தேக்கரண்டி சொல்லிற்று.

“எந்திரிங்க.”

“பிணம் எந்திரிக்காது” என்றார் அவர், கண்ணைத் திறவாமலே.

“விளையாடாதீங்க. தாழ்ப்பாள் விழலையே, ஏன் விழுந்துதுன்னீங்க?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் அசடு வழிந்தது. “காலையிலேர்ந்து நீ தவிக்கறதப் பார்க்க முடியலம்மா. அது விழாது, எத்தனை மெழுகு தடவினாலும் விழாது. விழுந்துச்சுன்னு சொன்னா நீ நிம்மதியா உட்கார்ந்து, சரி, நின்னு எழுதுவேன்னு பார்த்தேன். கதவைத் தொறந்தா குட்டு வெளிப்பட்டுடும். அதான் சிக்கிக்கிச்சுன்னு சொன்னேன்.”

“அச்சுல வந்ததும் வாசகர் வீட்டுக்கு வீடு நூலைக் கட்டி இழுத்துப் பார்ப்பாங்களே! என் முகத்துல யாராவது முழிப்பாங்களா? தட்டறத ஏன் நிறுத்தினீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு.”

மருந்துக்கடைக்காரர் பாயின் ஓரத்தை நீவிக்கொடுத்தார். “அந்தப் பொண்ணு கடைசியா ஒரு கேள்வி கேட்டாளே. அதுக்கப்புறம் தட்டத் தோணல.”

கேட்டதும் அம்மையாருக்கு முகம் கன்றிப்போயிற்று. அந்தச் சங்கடத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதவைப் பிடித்தார், சாத்தினார், தள்ளித் திறந்தார். மறுபடியும் சாத்தினார்.

நிருபர், “நான் தள்ளினதும் தொறந்துருச்சே மேடம். நீங்க தள்ளிப் பார்க்கவே இல்லையா?” என்றாள்.

“இவர் சொன்னார், நான் நம்பினேன். எதுக்குத் தள்…”

சொல் பாதியில் நின்றது. கதவின்மேல் வைத்த கை அப்படியே இருந்தது. பிறகு அவர் போன வேகம் சொல்லி முடியாது. கூடத்து அலமாரியில் கைவிட்டுப் பழைய இதழ்களை உருவித் தரையில் இறைத்தார். தேடியது கிடைத்ததும், நின்றவாறே முணுமுணுவென்று படித்தார். மாடிக்கு முதலில் ஓடியவன் இறந்தவரின் தம்பி. ‘அண்ணா உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்’ என்று சொன்னவனும் தம்பி. ‘எல்லாரும் விலகுங்கள்’ என்று சொல்லி, ஒற்றை ஆளாகத் தோளால் மோதித் திறந்தவனும் அவனே. அவனைத் தவிர ஒருவர் விரலும் அந்தக் கதவில் பட்டிருக்கவில்லை. தாழ்ப்பாளின் கொண்டி பெயர்ந்து கிடந்ததைப் பிறகு எல்லாரும் பார்த்தார்கள். எப்போது பெயர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. எழுதிய அவரே கேட்கவில்லை.

“கதவு பூட்டவே இல்ல!” என்றார் அம்மையார். “நூலும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். கொண்டியை முன்னாடியே பேத்து வச்சிட்டான். பூட்டியிருக்குன்னு முதல்ல சொன்னவன்தான் கொன்னவன்!”

“கணக்கர் தப்பிச்சாரா? பாவம், நல்ல மனுஷன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார் கணவர்.

அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிருபரிடம் திரும்பினார். “அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பக் கேளும்மா.”

“உதவி யாருன்னா?”

“ம். எழுதிக்கோ. என் கதையில இதுவரைக்கும் செத்த ஆம்பளை, பொம்பளை எல்லாருமே இவர்தான். எந்தப் பிணமும் இவருக்கு முன்னாடி செத்ததில்ல. இன்னிக்கு முடிவைக் கொடுத்ததும் இவரோட பொய்தான். பொய்யுங்கறதையும் போடு.”

“அதை விட்டுடலாமே” என்றார் மருந்துக்கடைக்காரர் மெல்ல. ஆனால் கூனியிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது.

“விட முடியாது. சரி, பேச்சுக்கு நேரமில்ல. சோதிச்சுப் பார்க்காம நான் எழுத மாட்டேன். ஏம்மா, உனக்கு அவசர வேலை இல்லையே? அந்தப் பாயில கொஞ்சம் படு.”

“நானா மேடம்?”

“நீதான் நகை மதிப்பீட்டாளர். வாயைக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கோ. இவர் சொல்லித் தருவார்.” கணவரின் தோளைப் பிடித்துக் கூடத்துப் பக்கம் இழுத்துவந்தார். “நீங்க இன்னிலேர்ந்து பிணம் இல்லை. கொலைகாரர்.”

மருந்துக்கடைக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மணவறைக்குப் போகிறவரைப்போல் அவர் முகம் மலர்ந்திருந்தது. நிருபர் பாயில் படுத்ததும் கதவை இழுத்து, நிலையோடு இறுக்கமாகச் சாத்தினார். அம்மையார் இஸ்திரி மேசையருகே சென்று, காதிலிருந்த பென்சிலை ஒருவழியாகக் கண்டுபிடித்து, தாளை நேராக வைத்துக்கொண்டார்.

“ஆரம்பிங்க.”

“ஐயய்யோ! அண்ணா! கதவு பூட்டியிருக்கே! ஓடி வாங்க, ஓடி வாங்க!” என்று மார்பில் அடித்துக்கொண்டு கூவினார் அவர். கதவுக்கு அப்பால் பிணம் களுக்கென்று சிரித்தது.

அம்மையார் தலையை அசைத்தார். பென்சில் ஏற்கெனவே தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

“அவ்வளவு சத்தம் வேண்டாங்க. காலையில எங்கிட்ட சொன்னீங்களே, நம்பற மாதிரி. அதே குரல்ல சொல்லுங்க.”