அத்தான் இறங்கிய சாவடி

தொண்ணூற்றிரண்டில் தஜிகிஸ்தானில் சண்டை மூண்டபோது, குலாப் ஊர்க்காரன் தவ்லத்ஷோ துப்பாக்கி ஏந்தினான். அவனுடைய அக்கா சவ்ரிமோ பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் புருஷன் ஸைனிதீனுக்குப் பூர்வீகம் கார்ம் என்ற மலைப்பகுதி. வக்ஷ் பள்ளத்தாக்கில் டிராக்டர் மெக்கானிக். குலாப்காரர்களும் கார்ம்காரர்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தவ்லத்ஷோ நின்ற சோதனைச் சாவடிக்கு லாரிக்காரர் கையில் ரொட்டியும் கடிதமும் அனுப்புவாள் அக்கா.

"பையன் பிறந்திருக்கான்டா தம்பி. மூக்கு அப்படியே உன்னோடதாம், பாவம் பிள்ளை! அத்தானுக்கும் சொல்லியனுப்பியிருக்கேன்."

அடுத்த வாரம் நடுப்பகலில் ஒரு பேருந்து வந்தது. சாவடியில் நின்றவர்கள் ஆண்களை இறக்கி, பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். ஐந்தாவது ஆள் ஸைனிதீன். கையில் பால் மாவு டின் இரண்டு.

"எந்த ஊருய்யா?"

"குலாப்தான். பிள்ளை பிறந்திருக்கு, பார்க்கப் போறேன்."

கேட்டவன் சிரித்தான். "குலாப்காரன் வாயில கார்ம் பேச்சு எப்படிய்யா வந்துச்சு?"

பத்தடி தள்ளி நின்ற தவ்லத்ஷோவை ஸைனிதீன் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பருத்திக் கிடங்குக்குப் பின்னால் அவரைக் கூட்டிப்போனார்கள். இரண்டு வெடிச்சத்தம் கேட்டது.

அதன்பிறகு அக்காவின் மூன்று கடிதங்களுக்கும் "அத்தானைப் பத்தித் தகவல் இல்லை" என்றே பதில் எழுதினான். விடுப்பில் வீட்டுக்கு வந்ததும் அவள் குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அதன் முகத்தைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சவ்ரிமோ அழவில்லை.

"உன்னைக் கூப்பிடலையா அவரு?"

"இல்லக்கா. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல."

"நீ வாயைத் திறந்திருந்தா விட்டிருப்பாங்களா?"

"தெரியலக்கா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "விட்டிருப்பாங்க. தளபதி நம்ம தெருக்காரர். நான்... பயந்துட்டேன். என்னையும் கார்ம்காரன் உறவுன்னு..."

"பிள்ளையைக் குடு."

வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அம்மா தட்டியும் திறக்கவில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு சண்டை ஓய்ந்து அவன் வீடு திரும்பினான். சவ்ரிமோ அவனுக்குச் சாப்பாடு வைத்தாள், துணி துவைத்துக் கொடுத்தாள், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். தம்பி என்று மட்டும் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.