கல் எடுக்கும் நாள்

...எடுத்துவிடுவார்கள், அதிலென்ன சந்தேகம், மதியத் தொழுகை முடிந்ததும் கல்லை எடுத்துவிடுவார்கள், எடுத்தால் லாலக் சுடுவான், சுட்டுத்தான் ஆக வேண்டும், மூன்று வருஷமாகத் தின்ற ரொட்டிக்குப் பதில் சொல்ல வேண்டாமா என்று நினைத்தபடியே தோர்பெகை தண்ணீர்த் தோல்பையை முதுகில் சுமந்து மேட்டில் ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. இந்த மலையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரனுக்குத்தான் மூச்சு வாங்கும்... பீரங்கியைக் கோவேறு கழுதை மேல் கட்டிக்கொண்டு வந்தான், ஊர்க் காவல் கோபுரங்களை இடித்தான், வைக்கோல் போரைக் கொளுத்தினான், பனி விழுந்துவிடுமோ என்று பயந்து நேற்று இறங்கிப் போய்விட்டான். மாமனார் காலத்திலும் வந்தான், அவருடைய அப்பன் காலத்திலும் வந்தானாம். வரட்டுமே. அவன் இடித்துப் போட்ட கல்லையே எடுத்து மறுபடி கட்டிக்கொள்ள நமக்குத் தெரியாதா? அவன் வருகிறான் என்றதும் பெரியவர்கள் கூடிப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கல்லை வைத்தார்கள், அது அங்கே இருக்கிறவரை ஊருக்குள் எந்தப் பகையும் தலைதூக்கக் கூடாது. அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் கைரத்தைச் சுட்டுக் கொன்ற அக்தர் மீரும், கைரத்தின் தம்பி லாலக்கும் நாற்பது நாள் ஒரே பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தார்கள், ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். தின்னட்டும். இன்றோடு சரி.

கைரத்தின் தலைப்பாகைத் துணி அவள் இடுப்பில் இருந்தது, துவைக்காத ரத்தக் கறையோடு. லாலக் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை எடுத்து அவன் முன்னால் வைப்பாள். "தின்னுடா, உங்கண்ணன் ரத்தத்தைத் தொட்டுக்கிட்டு நல்லாத் தின்னு!" பாவம், பாதி ரொட்டியோடு எழுந்து போய்விடுவான்... பாவமென்ன பாவம், சொல்லாவிட்டால் ஆண்பிள்ளைக்கு உறைக்குமா? எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது, முந்தாநாள் அந்த ஒன்றைத் தவிர. குண்டுச் சில்லு பட்டு ஒருவன் பாறையடியில் கிடந்தான், முகமெல்லாம் கரி, மேல்கையிலிருந்து ரத்தம் பீறிட்டது, அவள் தண்ணீரைப் போட்டுவிட்டுத் தன் முக்காட்டை உருவி அவன் கையில் இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகு அவன் மெல்ல, "நான் யாருன்னு தெரியலையா தங்கச்சி?" என்றான். அக்தர் மீர். "தெரியாம என்ன, வாயை மூடிக்கிட்டுக் கெட" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? ஒரு பெண் தன் முக்காட்டை எவன் மேல் போட்டாளோ, அவன் மேல் அவள் வீட்டுத் துப்பாக்கி நீளக் கூடாது, இது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பரவாயில்லை, அதற்கும் வழி வைத்திருக்கிறாள். முக்காடு காற்றில் பறந்தது, அவனாக எடுத்துக் கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அக்தர் மீர் மறுத்துப் பேச மாட்டான், ஒரு பெண்ணைப் பொய்க்காரியாக்கித் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிற ஆள் இல்லை அவன். இதை அவள் அவ்வளவு நிச்சயமாக நினைத்துக்கொண்டதில் அவளுக்கே கொஞ்சம் எரிச்சல் வந்தது.

பாறைக்குப் பின்னால் லாலக் தனியாக உட்கார்ந்திருந்தான், துப்பாக்கி மடியில். அவள் தலையில் கிடந்த பழைய சாக்குத் துணியைப் பார்த்தான். "அண்ணி, அவன் கையில கட்டியிருக்கறது உங்க முக்காடுன்னு பசங்க சொல்றாங்க. நீங்களா கட்டுனீங்க?" சொல்ல வேண்டியது தொண்டையில் தயாராக இருந்தது, காற்றில் பறந்துபோச்சுடா, ஒரே வரி. அவள் வாய் திறப்பதற்குள் அவன் முகம் கண்ணில் பட்டது... கோபம் இல்லை அதில். நீங்கதான் கட்டினீங்கன்னு சொல்லிடுங்க அண்ணி என்று கெஞ்சுகிற முகம். இவனுக்குப் பயமா? மூன்று வருஷமாகவா? பயப்படாமல் என்ன செய்வான், அக்தர் மீரைச் சுட்டால் அவனுக்கு மூன்று தம்பிகள் இருக்கிறார்கள், ஒருவன் இல்லாவிட்டால் ஒருவன் இவனைத் தேடி வருவான், இவனுக்குப் பின்னால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? இந்தக் கணக்கு இப்போதுதான் தோன்றியதா, இல்லை தலைப்பாகையை எடுத்து வைத்த ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் வைத்தாளா?

"தண்ணியக் குடிடா முதல்ல" என்றாள். அவன் இரண்டு கையையும் ஏந்தினான், அவள் ஊற்றினாள், பாதி தாடியில் வழிந்தது. கீழே தொழுகைக்கு அழைக்கும் குரல் எழுந்தது. குனிந்தபோது இடுப்புத் துணி நழுவியது, பிடித்துச் செருகினாள், அப்போதுதான் பட்டது... முந்தாநாளும் இது இங்கேதானே இருந்தது, கைக்கு எட்டுகிற இடத்தில், ரத்தம் பழகிய துணி, ஒரு காயத்துக்குத் தாராளமாகப் போதும். கை ஏன் இதை விட்டுவிட்டுத் தலைக்குப் போனது? லாலக் தாடியைத் துடைத்துக்கொண்டு, பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.