மேலே இடி, கீழே வெயில்

இந்த வசந்தத்துக்கான வட்டார வானிலை அறிக்கையை எழுதியவள் நான்தான். "வெப்பம் வழக்கத்தைவிடக் கூடும். மாலை வேளைகளில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யலாம்." எழுதிக் கையெழுத்தும் போட்டு, பத்திரிகைகளுக்கும் கொடுத்தாயிற்று. அந்த ஓரிரு இடங்களில் ஒன்று என் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்பதும், மாலை வரை அதற்குப் பொறுமை இருக்காது என்பதும்தான் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழனிப் பானையில் துள்ளி.

காலையில் ரேடார் படத்தின் ஒரு பக்கம் கறுப்பாக விழுந்தது. ரேடார் இருக்கும் மலை உச்சிக் கேபினுக்கு யாரும் தனியாகப் போகக்கூடாது என்பது அலுவலக விதி. மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று காய்ச்சல், கல்யாணம், வயிற்றுவலி. அதனால் மெக்கானிக்கோடு நான் ஏறினேன். போன வருடம் கேபின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மின்னல் இறங்கியதில் அவருக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் ஃபியூஸ். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

"மத்தியானத்துக்குள்ள இறங்கிடலாம் மேடம்" என்றார்.

இறங்கியே ஆக வேண்டும். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் என் அண்ணன் ஏறிய ரயில் எங்கள் ஸ்டேஷனில் என்ஜின் மாற்ற நிற்கும். அண்ணன் என்னோடு பேசிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் விரும்பியவரைக் கட்டிக்கொண்ட அன்று மூடிய வாய். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு கல்யாணத்துக்கு இத்தனை வருடக் கோபமா என்று எனக்கும் ஆத்திரம் உண்டு. இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டு, கடல் தாண்டி மகனோடு தங்கப் போகிறார். அண்ணிதான் ரகசியமாகப் போன் செய்தாள்.

"எப்படியோ சம்மதிக்க வச்சிட்டேன். 'வந்து நின்னா பாக்கறேன், வரலன்னா இதோட தலைமுழுகிடறேன்'னு சொல்லிட்டாரு. நீ வந்து நில்லு போதும், மத்தத நான் பாத்துக்கறேன்."

ஃபியூஸ் ஒயரை மாற்றி முடிக்கவும் முதல் இடி விழுந்தது. கேபின் கூரையில் மழை கொட்டியது. கார் கீழே, நூறு இரும்புப் படிகளுக்கு அப்பால் நின்றது. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை கதவைத் திறக்கக்கூடாது. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி.

ஃபியூஸ் பையிலிருந்து ஒரு சமையலறை டைமரை எடுத்து அரை மணிக்குத் திருகி வைத்தார். அது டிக் டிக்கென்று பாதி தூரம் வரும், வானம் உறுமும், மறுபடி முதலிலிருந்து திருகுவார். மூன்றாவது தடவை திருகியபோது அந்த டைமரைச் சுவரில் அடித்து உடைக்கலாமா என்று இருந்தது.

"போயிடறேன். நீங்க பாக்காத மாதிரி இருந்துக்கோங்க" என்றேன்.

"நான் பாக்காம இருந்துக்குவேன் மேடம். மின்னல் இருக்குமா?"

இருந்தும் கதவைத் திறந்தேன். படியில் ஒரு கால் வைத்திருப்பேன். வேலிக் கம்பி வெள்ளையாகப் பளிச்சிட்டது, கண் கூசிப்போய் உள்ளே வந்து விழுந்தேன். ஃபியூஸ் தன் நல்ல காதான வலது காதைத் தடவிவிட்டு டைமரைத் திருகினார்.

ஜன்னல் வழியே கீழே ஊர் முழுக்க வெயில். ஸ்டேஷனின் தகரக் கூரை பளபளத்தது. ரயில் வந்து நிற்பதையும் பார்த்தேன், புழு மாதிரி. அதில்தான் என் அண்ணன். கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போலிருந்தது.

போன் அடித்தது. அண்ணி.

"எங்கம்மா இருக்க? பிளாட்பாரத்துல இறங்கி நிக்கறாரு."

"மலை மேல மாட்டிக்கிட்டேன் அண்ணி. இடி மின்னல். வெளிய கால் வைக்க முடியல."

அண்ணி அதை அப்படியே சொன்னாள். பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது, போனுக்கு இல்லை, ஊருக்கு.

"இங்க வெயில் மண்டையப் பொளக்குது. இடியாம் இடி! வர இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போகட்டும். சாக்குக்கு மழையைக் கூப்பிட வேண்டாம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிழைப்பே வானிலை. நானா வானிலையில் பொய் சொல்வேன்? "அண்ணி, போனை அவர்கிட்ட குடுங்க. அவரே காதால கேக்கட்டும்" என்று கத்திவிட்டு, ஜன்னலைத் தள்ளித் திறந்து போனை வெளியே நீட்டினேன்.

காலையிலிருந்து விடாமல் உறுமிய வானம் அப்போது வாயை மூடிக்கொண்டது. மழையும் விட்டிருந்தது. ஒரே ஒரு இடி, ஒரே ஒரு உறுமல் போதும் என்று வேண்டினேன். கை நனைந்து வலித்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. கீழே ரயில் ஊதியது. போனைக் காதுக்குக் கொண்டுவருவதற்குள் இணைப்பு அறுந்திருந்தது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

ரயில் வளைவில் மறைந்து வெகுநேரம் கழித்து அண்ணி கூப்பிட்டாள். பாத்ரூம் பக்கம் நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது.

"ஏம்மா, போன வாங்கி எவ்வளவு நேரம் காதுல வச்சிருந்தாரு தெரியுமா? என்ஜின் கிளம்பற வரைக்கும் வச்சிருந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு தடவ உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. நீ வாயத் தெறக்கவே இல்லையாமே?"

அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது நான் அவருக்கு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இடியை நிரூபிப்பதுதான் எனக்கு முக்கியமாகப் போயிற்று.

"அண்ணி, இப்ப குடுங்க அவர்கிட்ட. நான் பேசறேன்."

"வேண்டாம்மா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

டைமர் கிணுகிணுத்தது. ஃபியூஸ் கதவை அகலத் திறந்து வைத்தார். வெயில் உள்ளே வந்தது.

"அரை மணி ஆச்சு மேடம். இனி தாராளமா போலாம்."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.