பிளாங்க் பாட்டில்

கௌஷிக் கார்டன் ரீச்சில் ஆற்றுத்தண்ணீர் மாதிரி பிடிக்கப் போகும்போதெல்லாம், சால்ட் லேக் ஆய்வகத்திலிருந்து நான் சுத்தமான நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றையும் கொடுத்தனுப்புவேன். அதற்கு பிளாங்க் என்று பெயர். அங்கே திறந்து, மூடி, கொண்டுவர வேண்டும். அதில் அழுக்கு ஏறியிருந்தால் எல்லா மாதிரியும் செல்லாது. பிடித்தவனே மறுநாள் போய்ப் பிடித்து வர வேண்டும். அரசாங்க விதி.

இன்று வந்தவை அவனுடைய கடைசி மாதிரிகள். சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. பிளாங்கில் துளி ஈயமாவது காட்டேன் என்று சோதனை மெஷினிடம் கெஞ்சினேன். காட்டவில்லை.

போன் செய்தான். "என்ன இந்துஜா, பிளாங்க் எப்படி?"

"சுத்தமா இருக்கு."

"அப்பாடா! அப்ப இன்னிக்கே ட்ரெயினைப் பிடிச்சுடறேன்."

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இவனுக்குக் கை தவறியதில்லை. பாவி.