ஜெனூபா ராத்தா தந்த மாப்பு

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் முஸ்பிறாவின் முற்றத்தில் நின்றால் கடல் இரைவது கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தி பாலைவனத்தின்மேல் காதல் கொண்டாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. மற்றப் பெண்கள் போனில் சமையலும் சாரியும் பார்ப்பார்கள். இவள் மணல் பார்த்தாள். மணலுக்கு நடுவில் களிமண்ணால் எழுப்பிய மாடி வீடுகள், ஒட்டகக்காரர் தங்கிப்போன சத்திரங்கள், காற்று அரித்துத் தின்ற கோட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஜோர்தானின் பெட்ரா. சிவந்த மலையைக் குடைந்து தூணும் வாசலுமாகச் செய்த அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே போதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற ரீச்சரான அவள் முகம் புதுப்பெண்ணின் முகமாகிவிடும்.

"அங்க என்ன கிடக்கு? கல்லும் மண்ணும்தானே. அது நம்மட கடையிலயே நிறையக் கிடக்கு" என்பார் அவள் கணவர் அப்துல் ஸமட். கல்முனையில் அவருக்கு ஹாட்வெயார் கடை. கேலி செய்தாரே தவிர, கொழும்பிலிருந்து ஒரு குழு ஜோர்தானுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு இடம் பிடித்தவரும் அவர்தான்.

மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது அந்த ஊர் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன் எவனும் அப்படிக் கேட்பதில்லை. முஸ்பிறாவுக்கு அது முதல் விமானம். நடுவானத்தில் ஏதும் ஆகித் தொலைத்தால் யாருடைய மனக்குறையும் தன் கழுத்தில் தொங்கக் கூடாது என்று நினைத்தாள். அபாயாவை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். பிழை அங்கேதான் தொடங்கியது.

"ஜோர்தானுக்குப் போறம்" என்று அவள் வாய்திறந்து சொல்லத்தான் செய்தாள். யார் காதில் வாங்கினார்கள்? ஜோர்தானையும் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸையும் பார்த்துவிட்டு மக்காவுக்குப் போகிற உம்றாக் குழுக்கள் இருக்கின்றனவே. மாப்புக் கேட்டு வாசலில் நிற்கிறவள் வேறெங்கே போகப் போகிறாள்? ஒரு வீட்டில் திருத்திச் சொல்லப் பார்த்தாள். அந்த வீட்டு மாமி அதற்குள் அவள் நெற்றியில் முத்தமிட்டு, "எனக்கும் துஆக் கேளு மகள்" என்று அழுதுவிட்டார். அதற்குப் பிறகு முஸ்பிறா எந்த வீட்டிலும் திருத்தவில்லை. கோழை, வேறென்ன?

ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்டத்தில் இருக்கிற அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா ஜெனூபாவின் வீடு அது.

சுனாமிக்கு முந்தி ஜெனூபாவின் வீடு கடற்கரையில் இருந்தது. அவளுடைய மகன் பர்ஸான் சாச்சி முஸ்பிறாவின் வீடே கதி என்று கிடந்த பிள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முஸ்பிறாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வர இருந்தார்கள். பிள்ளை கூட்டிப் பெருக்கிய வீடெல்லாம் ஓடித் திரிந்து, விரித்த விரிப்பையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்தான். "உம்மாட்ட ஓடு, மறுகா வா" என்று முஸ்பிறாதான் அவனை அனுப்பினாள். அவன் போய்ச் சேர்ந்தான். பின்னாலேயே கடலும் வந்தது. ஜெனூபா தென்னை ஒன்றைக் கட்டிப் பிடித்துத் தப்பினாள். பர்ஸான் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் தங்கச்சியோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கலியாண வீடுகளில் எதிரே பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த ஜெனூபாதான் இப்போது முஸ்பிறாவின் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

முஸ்பிறாவின் கையிலிருந்த பீங்கான் நழுவி விழுந்தது. குனிந்து பொறுக்கவும் தோன்றவில்லை.

"நீ என்னட்ட வரல்ல. அதான் நான் வந்தன்" என்றாள் ஜெனூபா. நின்றபடியே சொன்னாள். "அல்லாஹ்ட வீட்டுக்குப் போறவள மனக்குறையோட அனுப்பப்படாது. மாப்பு. முழு மனசோட மாப்பு."

"ராத்தா..."

"கஃபத்துல்லாவக் கண்டவுடன கேக்கிற முதல் துஆ கபூலாகும், கேட்டது கிடைக்கும் எண்டு சொல்றாங்க. அந்த ஒண்ட எனக்குத் தா. அவன ஒரு தரம் கனவுல காட்டச் சொல்லிக் கேளு. எனக்கு அவன்ட மொகம் மறந்து போகுதுடி."

முஸ்பிறா உண்மையைச் சொல்லத் துணியுமுன் ஜெனூபா அந்த வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாள், தங்கச்சியின் தலையில் கை வைத்தாள், போய்விட்டாள்.

கடையிலிருந்து வந்த அப்துல் ஸமட் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். உம்றாவுக்கு மாற்றலாம் என்றால் கொழும்புக் குழு கட்டிய காசைத் திருப்பித் தராது. இனி உம்றாவென்றால் இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டும்.

"சும்மா இரி" என்றார் கடைசியில். "வந்து மக்கா ஈத்தம்பழமும் சம்சம் தண்ணியும் எண்டு குடுப்பம். ரெண்டும் கல்முனையிலயே எடுக்கலாம். ஆருக்குத் தெரியப் போகுது?"

முஸ்பிறா அவரை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பிள்ளையப் பறிகுடுத்தவள ஏமாத்தி மாப்பு வாங்கச் சொல்றீங்களா?"

மறுநாள் காலை அவள் வீட்டுத்திட்டத்துக்குப் போனாள். ஜெனூபா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது முஸ்பிறாவுக்கு.

"ராத்தா, நாங்க மக்காவுக்குப் போகல்ல."

"என்ன?"

"உம்றாவுக்கு இல்ல. ஜோர்தானுக்கு மட்டும்தான். பழைய ஊர் பாக்க."

"பாக்க?"

"ஓம்."

"சும்மா பாக்கவா?"

"சும்மா பாக்கத்தான்."

ஈரச் சீலை ஜெனூபாவின் கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. "கல்லுப் பாக்கப் போறவளா மாப்புக் கேட்டு ஊரெல்லாம் திரிஞ்ச? நேத்து நான் தந்த மாப்பு?"

"அதத் திருப்பித் தரத்தான் வந்தன் ராத்தா. நீங்க எடுத்துக்கோங்க."

ஜெனூபா திகைத்துப் போனாள். மக்கா இல்லை என்றதைவிட இது அவளை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும். பிறகு சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"காட்டு. என்ன ஊர் அது?"

முஸ்பிறா போனை எடுத்துக் காட்டினாள். ஜெனூபா கையைத் துடைத்துவிட்டு வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ஆர் இருந்த?"

"முந்தின காலத்து வியாபாரிகள்."

"இப்ப?"

"ஒருத்தரும் இல்ல."

"ஆக்கள் போய்த்தாங்க. வீடு நிக்கிது." ஜெனூபா படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் மிஞ்சல்ல. இதுக்குக் கிட்டக் கடல் இல்லையா?"

"இல்ல ராத்தா."

சொன்ன பிறகுதான் முஸ்பிறாவுக்கு உறைத்தது. அவள் ஆசைப்பட்டுப் பார்த்த எந்த ஊரிலும் கடல் இல்லை. ஒன்றில்கூட இல்லை. இத்தனை காலமும் அழகு, சரித்திரம் என்று சொல்லிக்கொண்டு தான் போனுக்குள் தேடித் திரிந்தது எதை என்று அந்த முற்றத்தில் நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரு பிள்ளையைப் பயமில்லாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஊரை அவள் தேடியிருக்கிறாள்.

"மலையக் குடைஞ்ச கூட்டம் எண்டா குர்ஆன்ல அழிக்கப்பட்ட கூட்டம். ஸமூதுக் கூட்டம்" என்றாள் ஜெனூபா.

"அது சவூதியில ராத்தா. இது வேற."

"எல்லாம் ஒண்டுதான், நீ கதைக்காத. அந்த ஊருக்குள்ள அழாமப் போகப்படாது எண்டு நபி சொன்ன ஹதீஸ் இரிக்கி. படம் புடிச்சிச் சிரிச்சிட்டு வாற இடமில்ல அது." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ அவனுக்கு அழுதத நான் காணல்ல முஸ்பி. ஊரே அழுதிச்சு. நீ மட்டும் அழல்ல."

"எந்த மொகத்தோட ராத்தா அழ? நான்தானே அனுப்பின."

ஜெனூபா அவளை நேராகப் பார்த்தாள்.

"அப்ப அங்க போய் அழு. அந்தப் பெரிய வாசலுக்கு முன்னால நிண்டு அவன்ட பேரச் சொல்லி அழு. அழுதிட்டு வந்து மாப்புக் கேளு. கஃபத்துல்லாவுக்காக இல்ல, உனக்காகத் தாறன்."

விமானம் ஏற இன்னும் நாள் கிடந்தது. முஸ்பிறா தலையை ஆட்டினாள். கேற்றடி வரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. "பர்ஸான்" என்றாள். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தாள். பெயர் வரவில்லை, அழுகைதான் வந்தது. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கம் எட்டிப் பார்க்க, அவள் ஓவென்று அழுதாள்.

"அங்க எண்டுதானேடி சொன்னன்" என்று அதட்டிக்கொண்டு ஓடிவந்தாள் ஜெனூபா. தோளில் கிடந்த ஈரச் சீலையாலேயே தங்கச்சியின் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடியவில்லை, அதற்குள் அவளும் அழத் தொடங்கியிருந்தாள்.