கேக்குக்கு ஒரு கிண்ணம் மணல்

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் அடியில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில்தான் கேக் வேகவைப்பேன். மணலில் சூடு நிதானமாக ஏறுவதால் பழக் கேக் காய்ந்துபோகாது, உள்ளே ஈரமாகவே இருக்கும். மகள் சுடர்விழியின் பிறந்தநாளுக்காக முந்தின நாளே பேரீச்சையையும் திராட்சையையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டிருந்தேன். மாவு கலக்கப் போகும்போதுதான் மணல் டப்பாவைத் திறக்கிறேன், காலி. அதையும் சிமெண்டில் குழைத்துக் குளியலறைப் படியைப் பூசிவிட்டாராம் என் வீட்டுக்காரர். மணல் விற்கிற விலை அப்படி.

காவிரி கொல்லைக்குப் பின்னால்தானே என்று கிண்ணத்தோடு இறங்கினேன். ஆறு எங்கே இருக்கிறது? குவாரிக்காரன் தோண்டிய பள்ளங்கள்தான் இருக்கின்றன. கரையோரம் ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டி எடுத்தேன்.

விசில் சத்தம் கேட்டது. குவாரிக்குக் காவல் நிற்கும் புகழேந்தி ஓடிவந்தான். எங்கள் தெருக்காரன்தான்.

“அக்கா, இங்க மண்ணு அள்ளக் கூடாதுங்க. கொட்டிடுங்க.”

“கேக் செய்யறதுக்குடா! ஒரே ஒரு கிண்ணம்!”

“ஆளாளுக்கு ஒரு கிண்ணம்னு அள்ளித்தான் ஆறே இப்படிப் போச்சுன்னு எங்க சார் சொல்றாருங்க.”

அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. நிஜமாகவே நம்புகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கொட்டினேன்.

மறுபடி விசில் ஊதினான். திரும்பிப் பார்த்தேன். மணல் வழிய வழிய லாரிகள் வரிசையாகக் கரையேறிக்கொண்டிருந்தன. விசில் அவற்றுக்கு இல்லை. வழிவிட்டு ஒதுங்கி நிற்கச் சொல்லி எனக்குத்தான் ஊதினான்.