முப்பது வாட்

சாப்பாட்டுத் தட்டோடு ஹாலில் உட்கார்ந்த ஹேமநாதன், கைப்பேசியைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிட்டார். லோஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். எல்லைக்கு இந்தப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. கேட்டால் எல்லைப் பாலத்தில் ஜாம் என்பாள்.

“அம்மா எங்கப்பா?”

“கிச்சன்ல சாப்பிடுறா.”

“ஏன் தனித்தனியா?”

அவர் சோற்றைப் பிசைந்தார். லோஷினி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

“ஒங்க தலைக்கு மேல லைட்டு கோடு கோடா ஓடுதுப்பா. கேமராவ சீலிங் பக்கம் திருப்பிப் பாருங்க லா.”

திருப்பினார். வெறும் கண்ணுக்கு விளக்குகள் சாதுவாகத்தான் எரிந்தன. திரையிலோ கறுப்புப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன.

தீபாவளிக்கு முன்பு அவரே ஏணி போட்டு மாற்றிய விளக்குகள் அவை. பழைய ஹாலோஜன் பல்புகள் ஆறையும் கழற்றிவிட்டு எல்இடி போட்டார். சூடு குறைந்தது, கரண்ட் பில்லும் குறைந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க சுவரில் இருந்த வட்டத் திருகு சுவிட்சை மட்டும் விட்டுவைத்தார். டிவி பார்க்கும்போது வெளிச்சத்தைத் தணித்து வைப்பது அவருக்குப் பிடிக்கும். சில நாளிலேயே கஸ்தூரி, அந்த லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் தலை வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். புதுக் கண்ணாடி வந்தது, வலி போகவில்லை. ஒரு சாயங்காலம் டிவியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடியும் சொன்னாள். “லைட்டுக்கு என்ன? என்கூட உக்கார்றதுதான் ஒனக்குத் தலைவலி,” என்றார், திரையை விட்டுத் திரும்பாமலே. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போனாள். அதற்குப் பிறகு விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தான் சொன்னதுதான் சரி என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வயர்மேன் அர்ச்சுனன் வந்தான். மெயின் பாக்ஸில் அந்த லைனை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகு சுவிட்சைச் சுவரிலிருந்து வெளியே இழுத்தான்.

“முன்ன இருந்த பல்பு ஒண்ணே அம்பது வாட் இழுக்கும்ண்ணே. ஆறுக்கும் முந்நூறு. இப்ப ஆறும் சேந்தே முப்பதுதான். இது அந்தக் காலத்து டிம்மர், அறுபதுக்குக் கீழ ஒழுங்கா ஓடாது. பல்பும் டிம்மர்ல போடுற வகை இல்ல. அதான் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாம நடுங்குது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“எனக்கும்தான் தெரியாது. சில பேருக்குத் தாங்காது, தலைய வலிக்கும்.”

புது டிம்மரும் அதற்கேற்ற பல்பும் போடலாம், இல்லையென்றால் சாதா சுவிட்ச் போதும் என்றான் அர்ச்சுனன். சாதா சுவிட்சே போடச் சொன்னார் ஹேமநாதன்.

இருட்டியதும் விளக்கைப் போட்டுக் கேமராவைக் காட்டினார். பட்டை இல்லை. “கஸ்தூரி, இங்க வாயேன்.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விளம்பரம் முடிந்து செய்தி தொடங்கியது.

“இப்ப வலிக்குதா?”

“இல்ல.”

“லைட்டுதான் காரணமாம். அர்ச்சுனன் சொன்னான்.”

“நானும் லைட்டுன்னுதான சொன்னேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. அவள் எழுந்து, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிவியை அணைத்தார். தனக்குப் போட்டுவைத்திருந்த சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போனார். அங்கே ஒரு நாற்காலிதான், அவளுடையது. பக்கத்து ஸ்டூலில் வெங்காயக் கூடை இருந்தது. தட்டை வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றார். கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே, இடது கையால் கூடையைத் தூக்கித் தரையில் வைத்தாள்.